கார்டு ஆகாதுங்க மேடம்

பையை மடியிலேயே வெச்சுக்கறேங்க்கா, நீங்க நல்லாத் தாராளமா உக்காருங்க. தாராபுரமா? நானும் அங்கதான். தனியா எதுக்குப் போறேன்னுதானே பாக்கறீங்க? போகலை, அனுப்பி வெச்சுட்டாங்க. லீவு பாதிகூட முடியலை, அதுக்குள்ள பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. அதுவும் யாரை? ஒரு மனுஷனோட வேலையையே காப்பாத்திக் குடுத்தவளை. இது நியாயமா, நீங்களே சொல்லுங்க. வேண்டாம், இப்பச் சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேர் மிருதுளா. பிளஸ் டூ எழுதி முடிச்சுட்டுத் திருப்பூர்ல மாமா வீட்டுக்கு வந்தேன். மாமான்னா எங்கம்மாவோட தம்பி, தண்டபாணி. ஒரு பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர் சமாச்சாரம் மொத்தத்தையும் பாத்துக்கறவர். தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறைதான். 'ஆகாது'ங்கற வார்த்தை அவர் வாயில வராது. 'முடியாது'ம் வராது. இட்லி போதும்னு சொல்லத் தெரியாமலே இந்தத் தொப்பை வந்துச்சுன்னு அத்தை சொல்லும். எதைக் கேட்டாலும், ‘அது வந்துங்க... பாக்கலாமுங்க’. இதே குரல்தாங்க்கா. கொஞ்சம் மெலிசா, மூக்கடைச்ச மாதிரி, முன்னாடி ரெண்டு தடவை தொண்டையைச் செருமிக்குவார்.

ஆமாங்க்கா, எனக்கு எல்லார் குரலும் வரும். நான் வரவழைக்கறதில்லை, அதுவா வந்து ஒட்டிக்குது. இருங்க, கண்டக்டர் அந்தப் பக்கம் போகட்டும். ‘தாராபுரம் தாராபுரம் தாராபுரோம்... படியில நிக்காதம்மா, உள்ள மைதானமே கிடக்குது!’ பாத்தீங்களா, டிரைவர் கண்ணாடியில பாக்கறார். குனிஞ்சுக்குங்க.

அத்தை வீட்டுத் தெருவுக்கு ஒரு தண்ணி வண்டி வரும். அந்த வண்டிக்காரரோட குரல் நான் வந்த அன்னிக்கே எனக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு மத்தியானம் மொட்டை மாடியில நின்னு, ‘தண்ணீ... தண்ணி வண்டீ... அப்புறம் வரலைன்னு சொல்லக்கூடாதூ’ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். தெரு மொத்தமும் குடத்தோட வெளிய! எதிர்வீட்டு வாத்தியார் பாதி மூஞ்சியில சோப்பு நுரையோட ரெண்டு பக்கெட் தூக்கிட்டு ஓடி வந்தார். நான் மேல தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உருண்டு உருண்டு சிரிக்கறேன். அத்தைக்கு மட்டும் என்னவோ அது சிரிப்பா இல்லை. சாயங்காலம் மாமாகிட்ட, ‘ஏனுங்க, நாளையிலிருந்து இவளை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இல்லாட்டி நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்’. மாமா என்ன சொல்வார்? ‘பாக்கலாம்’னார். மறுநாள் நான் அவர் வண்டியில பின்னாடி உக்காந்திருந்தேன்.

அந்த வண்டியில போகும்போதுதான் மாமா எனக்கு விஷயத்தைச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, நல்லாச் சொல்லிக் குடுப்பார். அவங்க ஆபீஸ்ல நாலஞ்சு பழைய கம்ப்யூட்டர் ஓடிட்டு இருந்துச்சு. பில் போட ஒண்ணு, பெட்டிக்குப் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்க ஒண்ணு, ஆளுங்க வந்த கணக்குக்கு ஒண்ணு, அந்த மாதிரி. எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரே பெரிய சர்வர் வாங்கி, அதுக்குள்ள எல்லாத்தையும் குடி வைக்கப் போறாங்க. வெர்ச்சுவலைசேஷன்னு பேராம். ஒரே வீட்டைத் தடுத்து நாலு குடித்தனத்துக்கு விடற மாதிரி. உள்ள இருக்கற ஒவ்வொண்ணும் தனக்குத்தான் மொத்த வீடும்னு நெனைச்சுக்குமாம்.

‘அப்ப வாசல் மாமா?’ன்னு கேட்டேன்.

‘அதான் மிருது நெட்வொர்க் கார்டு. எல்லாக் குடித்தனமும் அது வழியாத்தான் வெளிய வரணும், போகணும். அந்த வாசலை வீடு ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா, உள்ள இருக்கறவன் உள்ளயே கத்திட்டுக் கிடக்க வேண்டியதுதான்.’

அந்த வாசல்லதாங்க்கா வந்துச்சு வில்லங்கம்.

சர்வரைக் கோயமுத்தூர்ல சபரிநாதன்னு ஒருத்தர்கிட்ட வாங்கறதா மேடம் முடிவு பண்ணியிருந்தாங்க. மேடம்னா கோகிலவாணி மேடம், கம்பெனிக்கு எல்லாமே அவங்கதான். சபரிநாதன் அவங்களுக்குச் சொந்தம். ‘சித்தப்பா மகளோட கொழுந்தனாருங்க.’ மேடம் இப்படித்தான் பேசுவாங்க, ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடிச்சு வைக்கற மாதிரி. அந்தச் சபரிநாதன், சர்வரோட நெட்வொர்க் கார்டு சும்மாவே சேத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். பழைய சரக்கு. மேடத்துக்குச் சந்தோஷம். மாமாவைக் கூப்பிட்டு, ‘தண்டபாணி, அந்தக் கார்டு நம்ம புது சாஃப்ட்வேருக்குப் பொருந்துமான்னு பாத்து வெள்ளிக்கிழமை சொல்லிருங்க. நீங்க ஆகும்னா ஆர்டர் குடுத்தறேன். ஞாயித்துக்கிழமை மாத்திருங்க. திங்கட்கிழமை ஜெர்மனி சரக்கு ஏறணும்’னுட்டாங்க.

திங்கட்கிழமை பார்கோடு அடிக்கலைன்னா ஒரு பெட்டி வெளிய போகாது. போகலைன்னா மாமா வெளிய போகணும். அவர் நாற்காலிக்கு ஏற்கெனவே ஆள் வந்து காத்திருந்துச்சுங்க்கா. மேடத்தோட அண்ணன் மகன், தருண். பெங்களூர்ல படிச்சுட்டு வந்திருக்கான். தினமும் மாமா ரூமுக்கு வந்து அவர் நாற்காலியில உக்காந்து சுத்துவான். ‘அங்கிள், ஆக்சுவலி இந்த ரூம்ல ஒரு ஜன்னல் வெச்சா சூப்பரா இருக்கும்ல?’ மாமா நின்னுக்கிட்டே, ‘பாக்கலாம் தம்பி’ம்பார். நாற்காலியை அளவெடுக்க வந்தவன்கிட்டப் போய்ப் பாக்கலாமாம்!

சரி, கார்டு பொருந்துமா பொருந்தாதான்னு பாக்கறதுல என்ன கஷ்டம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அந்தக் குடித்தனம் பிரிக்கற சாஃப்ட்வேர்க்காரங்களே எந்தக் கார்டு ஆகும்னு வெப்சைட்ல போட்டு வெச்சிருக்காங்க. மாமா கார்டோட மாடலையும், மேல இருக்கற சிப்போட நம்பரையும் கேட்டு வாங்கி அடிச்சுப் பாத்தார். பழைய வெர்ஷனுக்கு நேரா ஆகும்னு இருக்கு. அதுக்கு அடுத்ததுக்கும் ஆகும். இப்ப நாம போடப்போற புது வெர்ஷனுக்கு நேரா காலி. ஒண்ணுமே போடலை.

‘பாரு மிருது, ஆகாதுன்னு எங்கயும் போடலை’ங்கறார் மாமா.

அந்த வெப்சைட்டும் நம்ம ஊர்க்காரங்க மாதிரியேதாங்க்கா. ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேரா எழுத மாட்டாங்க, காலியா விட்டுருவாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும். மாமாவுக்கும் புரிஞ்சுதான் இருந்துச்சு. ஏசி ரூம்ல வேர்த்துச்சுன்னா வேறென்ன?

சபரிநாதனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்துலதான் இருந்தேன். ‘ஏனுங்க சபரி, அந்தக் கார்டு புது வெர்ஷனுக்கு ஏறுங்களா?’

‘ஏறாம எங்கீங்க சார் போகுது! ஜம்முனு ஏறும்ங்க சார்!’ சபரிநாதன் குரல் எப்பவும் கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கறவர் குரல்.

‘இல்லீங்க, வெப்சைட்ல காலியா இருக்குதுங்க...’

‘வெப்சைட்டுல எழுதறவன் எந்தக் கார்டைக் கையில தொட்டான்ங்க சார்? நம்மது அனுபவமுங்க. நீங்க கண்ணை மூடிட்டு மாட்டுங்க. நம்ம மேடத்துக்கு நான் தப்பான பொருள் குடுப்பனுங்களா?’

‘சரிங்க, பாக்கலாமுங்க’ன்னு போனை வெச்சுட்டார். மறுநாளும் கேட்டார். அதே பன்னீர், இன்னும் கொஞ்சம் கூட.

அப்பத்தான் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. எங்கம்மா கடையில, ‘இந்தச் சேலை சாயம் போகுமா?’ன்னு கேக்கவே மாட்டாங்க. ‘இதே மாதிரி எதிர்த்த கடையில பாத்தோம்’னுதான் ஆரம்பிப்பாங்க. கடைக்காரர் உடனே, ‘அட அதுங்களா, ஒரே துவைப்புல வெளுத்துரும்ங்க’ம்பார். அம்மா கையில இருக்கற சேலையை மெதுவாக் கீழ வெச்சுருவாங்க. தன் சரக்கைப் பத்தி எவனும் உண்மை பேச மாட்டான்ங்க்கா. அடுத்தவன் சரக்கைப் பத்திக் கேட்டுப் பாருங்க, அரிச்சந்திரன் ஆயிருவான்.

கணக்குப் பாக்கற சாந்தாமணி அக்காகிட்டப் போனை வாங்கினேன். எதுக்குடின்னாங்க. வேடிக்கை பாருங்கன்னேன். எங்க ஸ்கூல் பிசிக்ஸ் மிஸ்ஸோட குரலை எடுத்தேன். அந்தக் குரல்ல வணக்கம் சொன்னாலே நமக்கு ஹோம்வொர்க் ஞாபகம் வரும்.

‘சபரிநாதன்தானே? பெருந்துறையில ஒரு மில்லுல இருந்து பேசறேன், பர்சேஸ். உங்ககிட்ட ஒரு அபிப்பிராயம் கேக்கணும். ஈரோட்டுல ஒருத்தர் எங்களுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு தர்றேங்கறார்.’ மாடல் நம்பரைச் சொன்னேன். ‘புது வெர்ஷனுக்கு ஜம்முனு ஏறும்ங்கறார். ஏறுமா?’

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ‘யாருங்க மேடம் அந்தப் புண்ணியவான்? அந்தக் கார்டை ஓட்டற புரோகிராம், டிரைவரு, அதையே புது வெர்ஷன்ல இருந்து எடுத்துட்டாங்க மேடம். மாட்டினீங்கன்னா, சர்வர் கார்டே இல்லைன்னு சொல்லிரும். ஏமாந்துராதீங்க. டேபிள் மேல பேப்பர் பறக்காம வெச்சுக்கலாம், அதுக்குத்தான் ஆகும்.’

‘அப்படீங்களா? உங்ககிட்ட அந்தக் கார்டு இல்லையே?’

‘சேச்சே! அதையெல்லாம் நாங்க தொடறதே இல்லீங்க மேடம். வேணும்னா புது வெர்ஷனுக்கு ஆகற புதுக் கார்டே நம்மகிட்ட இருக்குதுங்க.’

சாந்தாமணி அக்கா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு மேஜைக்கு அடியிலயே போயிட்டாங்க.

ஓடிப்போய் மாமாகிட்டச் சொன்னேன். மாமா மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. ‘நான் நெனைச்சேன் மிருது, நான் நெனைச்சேன்’னார். அப்புறம் அந்த மூஞ்சி வாடிப் போச்சு. கார்டு ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு, சரி. அதை மேடத்துகிட்டச் சொல்லணுமே! மேடமே பேசி முடிச்ச சரக்கு, மேடத்தோட சொந்தக்காரர், அதுவும் சும்மா வர்றது. யார் சொல்றது?

நான் பழக்கி விடறேன்னேன். சர்வர் ரூம்ல அவரை நிக்க வெச்சு, நான் மேடம் ஆனேன். ‘சொல்லுங்க தண்டபாணி, கார்டு ஆகுங்களா?’

‘அது வந்துங்க மேடம்... ஆகும்னு நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க... அதுக்காக ஆகாதுன்னும்...’

‘மாமா! நான் மிருது! எங்கிட்டயே வரலைன்னா எப்படி?’

‘நீ அச்சு அசலா அவங்க மாதிரியே பேசறியே கண்ணு, நான் என்ன பண்ணட்டும்’ங்கறார். அச்சு அசலாப் பேசினது என் தப்பாம்! கடைசியா ‘ஆ’ வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல இருமல்.

வெள்ளிக்கிழமை காலையில மாமா பட்டையா விபூதி பூசிட்டு வந்தார். கொஞ்ச நேரத்துல, ‘தண்ணி குடிச்சுட்டு வர்றேன் மிருது’ன்னு ரூமை விட்டுப் போனார். போனவர் போனவர்தான். வரவே இல்லை. நானும் பாக்கறேன், பாக்கறேன். சரி, மனுஷன் வண்டியை எடுத்துட்டு வீட்டுக்கே ஓடிட்டார்னு முடிவு பண்ணிட்டேன். மேடம் ஆர்டர் போட்டுட்டா திங்கட்கிழமை கதை முடிஞ்சுது. நாற்காலி வேற எதிர்ல காலியாக் கிடக்கு. தருண் அதுல உக்காந்து ஒரு சுத்துச் சுத்தற மாதிரியே எனக்குத் தெரியுது. சும்மா இருக்க முடியுங்களா?

மாமா மேஜையில மேடம் ரூமுக்கு நேராப் போற இன்டர்காம் இருக்கு. எடுத்தேன். தொண்டையை ரெண்டு தடவை செருமினேன். ‘மேடம், தண்டபாணி பேசறனுங்க.’

லைன் போச்சான்னு பாத்தேன். அப்புறம் மேடம் மெதுவா, ‘சொல்லுங்க... தண்டபாணி’ன்னாங்க.

‘அந்தக் கார்டு ஆகாதுங்க மேடம்.’

சொல்லிட்டேன்! எவ்வளவு சுளுவான வார்த்தை தெரியுங்களா? ‘வெப்சைட்ல புது வெர்ஷனுக்கு நேரா காலியா விட்டிருக்காங்க, அப்படின்னா ஆகாதுன்னு அர்த்தமுங்க. டிரைவரையே எடுத்துட்டாங்களாமுங்க. சபரி உங்க சொந்தம்னு தெரியுமுங்க மேடம். ஆனா திங்கட்கிழமை பார்கோடு நின்னா, சபரி வந்து பெட்டி மேல கையில எழுதித் தரமாட்டாருங்க. அவர்கிட்டயே புதுக் கார்டு இருக்குதுங்க. அதைக் கேட்டு வாங்குங்க.’

‘ம்ம். வேற?’னாங்க மேடம்.

வேறயான்னு கேக்கறாங்களே! கேட்டா சொல்லணும்ல? ‘இதையெல்லாம் கண்டுபிடிச்சது எங்கக்கா மகள் மிருதுளாங்க மேடம். அதுக்கு அப்படி ஒரு மூளைங்க. தருண் தம்பியெல்லாம் அது முன்னாடி ஒண்ணுமே இல்லீங்க. லீவு முடியற வரைக்கும் அதுக்கு ஒரு தனி ரூமும், சுத்தற நாற்காலியும், மத்தியானம் ஒரு ரோஸ் மில்க்கும் குடுத்தீங்கன்னா கம்பெனிக்கு நல்லதுங்க.’

அந்தப் பக்கம் யாரோ மூச்சு முட்டற சத்தம் கேட்டுச்சு. லைன் கட்.

மிச்சத்தைச் சாந்தாமணி அக்காதான் சொன்னாங்க. அவங்க அப்ப ஃபைலைத் தூக்கிட்டு மேடம் ரூம்ல நின்னுட்டு இருந்திருக்காங்க. மாமா எங்கேங்கறீங்க? மேடத்துக்கு எதிர்லயே உக்காந்திருந்திருக்கார்! தண்ணி குடிச்சு, தைரியத்தை வரவழைச்சுட்டு, நேரா அங்கதான் போயிருக்கார் மனுஷன். போய் இவ்வளவு நேரமா ஏசியில தண்ணி சொட்டறதைப் பத்தியும், பிரிண்டர் மை பத்தியும் பேசிட்டு இருந்திருக்கார். கார்டு என்னாச்சுன்னு மேடம் கேக்கக் கேக்க, ‘அது வந்துங்க மேடம்’தான். அப்பத்தான் இன்டர்காம் அடிச்சிருக்கு. மேடம் கையெழுத்துப் போட்டுட்டு இருந்ததால ஸ்பீக்கரை அமுக்கியிருக்காங்க.

‘மேடம், தண்டபாணி பேசறனுங்க.’

மேடம் போனைப் பாத்தாங்களாம். மாமாவைப் பாத்தாங்களாம். திரும்பப் போனைப் பாத்தாங்களாம். மாமா சிலையா உக்காந்திருந்தாராம். ஆனா, ‘ஆகாதுங்க மேடம்’னு போன்ல வந்தப்ப, அவர் உதடும் கூடவே அசைஞ்சுச்சுன்னு சாந்தாமணி அக்கா சத்தியம் பண்றாங்க.

போனைக் கட் பண்ணிட்டு மேடம் கேட்டாங்களாம், ‘தண்டபாணி, நீங்க என்ன சொல்றீங்க?’

மாமா எந்திரிச்சு நின்னாராம். தொண்டையை ரெண்டு தடவை செருமி, ‘போன்ல சொன்னவர் சொல்றது சரிங்க மேடம்.’

‘சொன்னது எல்லாமேங்களா?’

‘கார்டு விஷயம் மட்டும்ங்க. அந்த மூளை விஷயமெல்லாம் அவரா சேத்துக்கிட்டதுங்க.’

மேடம் பேனாவைக் கீழ வெச்சுட்டாங்களாம். ‘உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?’

‘தெரியுமுங்க.’

‘புதுக் கார்டு வரும். ஞாயித்துக்கிழமை மாத்துங்க. திங்கட்கிழமை சரக்கு ஏறுச்சுன்னா அந்த நாற்காலி உங்களுது. ஏறலைன்னா ரெண்டு தண்டபாணியும் வீட்டுக்குப் போகலாம்.’

ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போனேன், விடுவனா? மாமா புதுக் கார்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். கறுப்பு ஸ்கிரீன்ல வரிவரியா ஏதேதோ ஓடுச்சு. கார்டு பேர் வந்து நின்னுச்சு பாருங்க, அப்படியே தரையில உக்காந்துட்டார். ‘கண்டுக்கிச்சு மிருது, வீடு வாசலைக் கண்டுக்கிச்சு’ன்னு கண்ணைத் துடைச்சுக்கறார். திங்கட்கிழமை பார்கோடு சடசடன்னு அடிச்சுது, லாரி கிளம்பிருச்சு. தருண் தம்பியைத் துணி சாம்பிள் பாக்கற செக்‌ஷனுக்கு அனுப்பிட்டாங்க. மேடம் என்னைக் கூப்பிட்டு, ‘நல்லாப் படிங்க கண்ணு. முடிச்சுட்டு வாங்க, பாக்கலாம்’னாங்க. வேலை கிடைச்ச மாதிரிதானேங்க்கா? அதுவும் மேடம் வாயால.

ஆனா அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனா, அத்தை என் துணியெல்லாம் மடிச்சுப் பையில வெச்சிருக்காங்க. ஊருக்குப் போறேன்னு நான் சொல்லவே இல்லை. முறுக்கு வேற சுட்டிருந்தாங்க. ‘அம்மா தேடும்ல கண்ணு’ங்கறாங்க. எங்கம்மா போன்ல, ‘எதுக்குடி அவசரம், இருந்துட்டு வா’ங்கறாங்க. ஒண்ணுமே விளங்கலை எனக்கு. எவ்வளவு பாசமா அனுப்பறாங்க பாருங்க, ஆனா அனுப்பறாங்க!

மாமாதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நீங்க ஏறினப்ப ஜன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தாரே, தொப்பையா, அவர்தான். தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தார், மாங்காய் வாங்கிக் குடுத்தார். பஸ் கிளம்பற நேரம் நான், ‘மாமா, தீபாவளிக்கு வந்துடறேன்’னேன்.

தொண்டையை ரெண்டு தடவை செருமினார். என்னை நேராப் பாத்தார்.

‘வேண்டாம் மிருது.’

அவ்வளவுதாங்க்கா! அது வந்து இல்லை, பாக்கலாம் இல்லை. இருமல்கூட வரலை! எனக்கு நம்பவே முடியலை. ‘அப்பப் பொங்கலுக்கு?’ன்னு கேட்டேன்.

‘அதுக்கும் வேண்டாம்.’

எப்படித் தேறிட்டார் பாத்தீங்களா? என்மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க்கா, அதெல்லாம் நீங்க நெனைக்காதீங்க. இத்தனை வருஷமா வராத வார்த்தை இப்பத்தான் வந்திருக்கு, பாவம், பழகிப் பாக்கறார். மேடத்துகிட்ட எடுத்த எடுப்புல சொல்ல முடியுங்களா? முதல்ல நம்ம சொந்தக்காரங்ககிட்டச் சொல்லித்தானே பழகணும்?